படிக்காமல் விட்ட பாதி

ஆம்பூர்
4.2.2007

அன்புள்ள பில்கிஸ்,

இங்கே அனைவரும் நலம். லண்டன் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரர் ஜியாவுதீன் அண்ணனும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க எனக்கு இன்னும் வரவில்லை, அதனால்தான் தபால்.

உன் பாட்காஸ்டை ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கேட்கிறேன். நீ வணக்கம் சொல்லும்போதே பக்கத்து சீட்டுக்காரரிடம் "இவ என் கூடப் படிச்சவ" என்று சொல்ல வேண்டும்போல் இருக்கும். வெளிநாடு போன எல்லாரும் போட்டோவில் சிரிக்கிறார்கள். ஒரே சமையலறைக்கு மூன்று குடும்பம் முறை வைத்ததையும், வேலை கேட்டுப் போன கடையில் உன் பெயர் வாயில் நுழையாமல் 'பில்' என்று கூப்பிட்டதையும், மாடி பஸ்ஸில் உட்கார்ந்து அழுததையும் நீ ஒருத்திதான் சொன்னாய். மறைக்காமல் பேசுகிறாய். அதற்காகவே இந்தப் பாராட்டு.

நேயர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதலாம் என்றாயே. பஜாரில் பிரியாணி அண்டா திறக்கும் நேரத்துக்கு இன்றும் கூட்டம் காத்து நிற்கிறது. மழை பெய்தால் தோல் வாசனை வீடு வரை வருகிறது.

ஷூ கம்பெனியில் நான் இப்போது ஒட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். மூன்று வாரமாக எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. ரிஜிஸ்டரில் இரண்டு முறை எழுதினேன். மேனேஜர் கோதண்டராமன் "ஷிப்மென்ட் போவட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார். பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஜோதி, ஐந்து மாதக் கர்ப்பிணி, பசை நெடியில் மயங்கி மெஷின் முனையில் வயிறு இடிக்க விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கம்பெனியில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை நீ நிகழ்ச்சியில் படிக்க வேண்டும். கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
எப்சி


லண்டன்
26.2.2007

என் எப்சிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று வேலைக்கே தாமதமாகப் போனேன். இருபதாவது பகுதியை நேயர் கடிதங்களுக்கென்றே வைத்தேன். முதலில் படித்தது உன்னுடையது. எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? துபாயில் ஒருவர் அண்டா திறக்கும் இடத்தில் அழுதுவிட்டாராம். இவர்கூட "உன் தோஸ்த் சூப்பரா எழுதுறாங்க" என்றார். கேட்டுவிட்டு உடனே எழுது.

உன்,
பில்கிஸ்


ஆம்பூர்
11.3.2007

பில்கிஸ்,

கேட்டேன். தனியாகக் கேட்கவில்லை. ஜோதியைப் பள்ளிகொண்டாவிலிருந்து வரச் சொல்லியிருந்தேன். ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பிரியாணி வந்தது. தோல் வாசனை வந்தது. "எங்கள் மண்ணின் மணம் லண்டன் வரை வீசுகிறது என்று எழுதுகிறார் எப்சி" என்றாய். அப்படி நான் எழுதவே இல்லை. உடனே மியூசிக். அடுத்த கடிதம்.

"அவ்ளோதானாக்கா?" என்றாள் ஜோதி. மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன். இரண்டாம் முறையும் அவ்வளவுதான். "நான் வுழுந்தத அவங்க நம்பலையா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? நீயே சொல்.

மணமாம். அந்த ஷெட்டுக்குள் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து பேசுடி. பஸ்ஸில் நீ அழுதால் அது நிகழ்ச்சி, ஜோதி அழுதால் வெட்டி எறிய வேண்டிய குப்பையா? பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டாய். என்னை முட்டாளாக்கினாய். அதைக்கூட விடு. அவள் இப்போது போகும் வயல் வேலையில் ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வந்தாள்.

எப்சி


லண்டன்
27.3.2007

எப்சி,

கோபப்படு. முழுவதும் தெரிந்துகொண்டு கோபப்படு.

உங்கள் கம்பெனி ஷூவை இங்கே இறக்குகிற ஆபீஸில்தான் இவர் வேலை செய்கிறார். பெயர் சொல்லாவிட்டாலும் ஆம்பூர் ஆட்களுக்குத் தெரியாதா? கடிதத்தைக் காட்டினேன். "நம்ம சோத்துல நாமளே மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா? பேஜார் வேணாம்" என்றார். அவர் வேலை போனால் எங்கள் விசாவும் போகும்.

மறைக்காமல் பேசுகிறேன் என்றாயே, இதையும் கேட்டுக்கொள். ஃபேன் ஓடாத மூன்று வாரமும் ஒட்டும் லைனை ஓட்டியது யார்? ஜோதி விழுந்த அன்று லைன் நின்றதா? கம்பெனி பெயர் வேண்டாம் என்று எழுதியது உன் கைதானே? நீ அங்கே பயப்படலாம், நான் இங்கே பயப்படக் கூடாதா?

பில்கிஸ்


ஆம்பூர்
22.4.2007

பில்கிஸ்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கி வைத்துப் படித்தேன்.

நீ கேட்டது சரி. லைன் நிற்கவில்லை. ஜோதியை ஆட்டோவில் ஏற்றிய இருபது நிமிடத்தில் அவள் இடத்தில் வேறொரு பெண்ணை உட்காரவைத்தவள் நான். அதை உனக்கு எழுதவில்லை.

ஜோதியிடம் போய்ச் சொன்னேன். "தெரியும்க்கா. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க சொன்னாங்க" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வேலூர் போய், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கம்பெனி பெயர், ஓடாத ஃபேன், நான் ஆளை மாற்றியது எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வியாழக்கிழமை கோதண்டராமன் என்னை கேட்டிலேயே நிறுத்தி, "நன்றி கெட்டவளே" என்றார். "ஆமா சார். இத்தினி நாள் நன்றியா இருந்ததுலதான் ஒரு புள்ள போச்சு" என்றேன். வேலை போய்விட்டது. விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் இப்போது ஓடுகிறதாம்.

நானும் பயந்தேன், நீயும் பயந்தாய். அதுவரைக்கும் நாம் சமம். ஆனால் நீ பயந்து பேசாமல் இருந்திருக்கலாம். நான் சொல்லாத மணத்தை என் பெயரில் சொன்னாய். அதுதான் ஆறவில்லை.

என் கடிதத்தை முழுவதும் படி. தன் பெயரைச் சொல்லலாம் என்கிறாள் ஜோதி. நான் ஆளை மாற்றியதையும் சேர்த்துப் படி. முடியாதென்றால் அந்த இருபதாவது பகுதியையே எடுத்துவிடு. இரண்டில் ஒன்று.

எப்சி


லண்டன்
8.5.2007

எப்சி,

எடுத்துவிட்டேன்.

முதலில் முழுவதும் படித்துப் பதிவு செய்தேன். ஜோதி பெயர் வரும் இடத்தில் மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இவருக்குப் போட்டுக் காட்டினேன். "உன் இஷ்டம்" என்றார். அதனால் தடுத்தது அவர் இல்லை என்பதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தும் வெளியிடாமல் எழுந்து போனவள் நான்தான். அடுத்த நாள் பழைய பகுதியையும் எடுத்தேன். எங்கே காணோம் என்று கேட்ட நேயர்களுக்கு ஏதோ கோளாறு என்று பதில் போட்டேன்.

ஜூலையில் தங்கை கல்யாணத்துக்கு ஆம்பூர் வருகிறேன். உன் தெருப் பக்கம் வரமாட்டேன். நீ திட்டுவாய் என்று பயந்து இல்லை. திட்டி முடித்துவிட்டு, "சாப்ட்டியாடி?" என்று கேட்டுவிடுவாய். அதைத் தாங்க என்னால் ஆகாது.

பில்கிஸ்