புது ஆட்டத்தில் உன் வயசு

என் செல்லக் குட்டப்பா,

ஊருக்கு உன் பேர் வேறு. அக்கா வாயில் நீ என்றைக்கும் குட்டப்பாதான். அஞ்சாவதோடு நின்றவள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் உன் கேம் கடையை மூடவில்லையடா. கீழப்பழுவூரில் பஸ் ஏறி வந்து நான்தான் ஷட்டரைத் தூக்குகிறேன். "ஒனக்கு என்ன தெரியும்னு போற?" என்று கேட்காத ஆள் இல்லை. ஏன் தெரியாது? நீ டிவியில் கேசட் செருகி ஆடிய அந்த முதல் கிரிக்கெட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பதினோரு பேருக்கும் ஒரே மூஞ்சி. கூட்டம் என்றால் கடுகு கொட்டினாற்போல வெறும் புள்ளி.

இப்போது வந்து பார். பந்து போடுகிறவன் கழுத்தில் வேர்வை வழிகிறது. பொழுது சாயச் சாய நிழல் நீளுகிறது. பந்து பழசானால் திரும்புகிற விதமே மாறுகிறது. இதையெல்லாம் கவனித்து உள்ளே வைத்தவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

நீ மட்டும் லேசுப்பட்டவனா? உன் முகத்தைப் போனில் பிடித்து, உன்னையே ஆட்டக்காரனாக உள்ளே இறக்கி வைத்திருந்தாயே. அதே இடது கை, அதே நெற்றித் தழும்பு. நீ போன பிறகும் பிள்ளைகள், "அண்ணன எறக்குடா, அண்ணன் நின்னா மேட்ச் நம்மளுது" என்கிறார்கள். அதைக் கேட்கத்தான் தினமும் வருகிறேன்.

போன வாரம் உன் கூட்டாளி செல்வம் வந்தான். நீ இறங்கியிருக்கும் அந்தப் பழைய ஆட்டத்தைக் கம்பெனிக்காரன் நிறுத்தப் போகிறானாம். "யக்கா, அது நின்னா மாப்ளயும் போயிருவான். புதுசுக்கு மாத்திரலாம்" என்றான்.

அன்றைக்கு என்னோடு கடைக்கு வந்திருந்த அம்மா விடவில்லை. "வருசம் திரும்பல, வூட்டுல புதுசு ஆகாது. பொங்கலுக்கே துணி எடுக்கல, இதுக்கென்னடா அவசரம்?"

"பொருளே இல்ல அத்த. நெட்டுல, காத்துல எறங்கும்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "காத்துல வர்றதுக்கு ஏதுடா புதுசு பழசு? எறக்கு, எம்புள்ளயப் பாக்கணும்."

உன் போட்டோவை வைத்தே உருவாக்கிவிட்டான் செல்வம். திரையில் நீ திரும்பிச் சிரித்தாய். ஒரு பக்கம் கன்னம் ஏறுமே, அதுகூட அப்படியே. அம்மா எழுந்து போய் டிவியைத் தடவி நெட்டி முறித்தாள்.

அப்புறம்தான் புது ஆட்டம் ஒரு கட்டம் காட்டி உன் வயசைக் கேட்டது. பழசில் எத்தனை ஆட்டம் ஆடினாலும் நீ அப்படியே இருப்பாய். "இதுல அப்புடி இல்ல யக்கா. சீசனுக்கு ஒரு வயசு ஏறும். முடி நரைக்கும், ஓட்டம் கொறயும், ஒருநாள் ரிட்டயர் ஆயிருவான்" என்றான்.

உன்னை இன்னொரு தரம் வழியனுப்புவதா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் ஓர் ஆசை. நரைத்த தலையோடு உன்னைப் பார்க்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இந்தப் பெட்டி காட்டுமாம். என்ன வித்தையடா இது!

அந்த வயசுக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. நாளைக்கு வந்து செல்வம் கேட்பான். கடையை மூட மாட்டேன், இனி எத்தனை புது ஆட்டம் வந்தாலும் உன்னை அதற்குள் கூட்டிப் போவேன், இது சத்தியம். ஆனால் இதை மட்டும் நீ சொல்லு. நீ எங்களை விட்டுப் போன வயசில் இருந்தே தொடங்கட்டுமா, இல்லை குறைத்துப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஆட விடட்டுமா?

இடுப்பில் உன்னைச் சுமந்து வளர்த்த
உன் அக்கா