உன் அப்பா தாளம் தட்டிய கதை

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன், இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் தொண்டையைத் தவிர என்று சேர்த்துக்கொள். போனிலேயே எழுதி அனுப்பலாமே என்பாய், என் விரல் ஒன்றை நினைத்தால் அது வேறொன்றை அடிக்கிறது, அதோடு இந்த விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குட்டி குப்புறக் கவிழ்ந்துகொள்கிறானா? போட்டோவில் கன்னம் இரண்டும் உன் அப்பாவை உரித்து வைத்திருக்கிறது. தூங்கத்தான் மாட்டேன் என்கிறான் என்றாய், நீயும் தூங்கவில்லை என்பது ஸ்பீக்கரில் உன் குரலைக் கேட்டாலே தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், குரல் சரியானதும் எனக்குப் பாடின தாலாட்டை அவனுக்கும் பாடி அனுப்பும்மா என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, நடுவில் உன் அப்பா வருகிறார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஆகிவிட்டது. சொன்னால் சிரிப்பாய், ஒரு மாதிரி நன்றாகக்கூட இருக்கிறது. மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாளியில் தண்ணீர் நிறைய நிறைய அதன் சுருதி ஏறுவது கேட்கிறது, மாடிப்படியில் யாரோ ஒரு காலை அழுத்தி ஒரு காலை லேசாக வைத்து இறங்குகிறார்கள், எதிர்வீட்டுத் தையல் மெஷின் ஓடுகிறது, நிற்கிறது, யோசித்துவிட்டு மறுபடி ஓடுகிறது. இதெல்லாம் எப்போதும் இருந்ததா, இல்லை எனக்காக இப்போதுதான் ஆரம்பித்ததா தெரியவில்லை. அப்படியே கண் சொக்கினால் அரைத்தூக்கத்தில் நான் பாடிக்கொண்டிருக்கிறேன், விழித்தால் திரைச்சீலை மட்டும் ஆடுகிறது. உன் அப்பாவுக்குக் கொண்டாட்டம், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகக் குறுக்கே பேச ஆளில்லாமல் பேசுகிறார், ஆனால் பதில் வரவில்லை என்றதும் அவருக்கே சப்பென்று ஆகிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

நீ சொன்னபடி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். வேலையையே விட்டுவிடலாம் என்றும் இருந்தேன், குரல் இல்லாத பாட்டு டீச்சருக்கு அங்கே என்ன வேலை? தலைமை ஆசிரியைதான் வீட்டுக்கே வந்துவிட்டார், மூணாம் வகுப்புப் பிள்ளைங்களை மத்தியானத்துல கட்டி மேய்க்க முடியல டீச்சர், நீங்க வந்து சும்மா உட்கார்ந்தாக்கூடப் போதும் என்றார். சும்மா உட்கார எனக்கு எங்கே தெரியும்? நான் ஸ்லேட்டில் எழுதுவது, அதை உன் அப்பா உரக்கப் படிப்பது என்று ஏற்பாடு ஆனது. ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், எனக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம், போகவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார்.

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தோம். ஒருவர் ஒரு தட்டு, அடுத்தவர் அடுத்த தட்டு, கைத்தட்டு அப்படியே வட்டத்தைச் சுற்றி வர வேண்டும், அதற்கு மேல் பாட்டு போகும். கேட்கச் சுலபம், ஆனால் இந்த வயசுப் பிள்ளைகளுக்குத் தாளம் என்றால் ஓட்டம்தான், யாரோ ஒருவன் அவசரப்படுவான், அடுத்தவன் அவனை முந்துவான், கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் குவியலாக விழுந்துவிடும். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், கேட்டுவிட்டுத் தட்டுங்கள் என்று குரல் இருந்த நாளில் நான் தொண்டை கிழியக் கத்தியதுதான் மிச்சம். என் குரல்தான் அவர்களைக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருந்தது என்பது அது போன பிறகுதான் புரிந்தது. உன் அப்பா ஸ்லேட்டைப் பார்த்து மெதுவா, பதறாம, மெதுவா என்று லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னார், யார் கேட்டார்கள்?

அந்த வகுப்பில் முன்பல் விழுந்த ஒரு வாயாடி இருக்கிறாள், ஓட்டத்தை ஆரம்பித்துவைப்பதே அவள்தான். சும்மாதானே நிக்கிறீங்க, வந்து உட்காருங்க சார் என்று இவரைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். இவர் தாளம்தான் உனக்குத் தெரியுமே, உன் கல்யாணத்தில் எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு தனியாக ஒரு தட்டு கேட்டதே. இங்கேயும் அதே கதை, இவர் முறை வந்தால் கைகள் யோசிக்கின்றன, வட்டம் அங்கே உடைந்து பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கிறார்கள், லேட் சார் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இவரும் கூடச் சிரித்தார், ஆனால் காது சிவந்துபோனது எனக்குத் தெரியாதா? எனக்கு இதெல்லாம் வராதும்மா, நீங்க ஆடுங்க என்று எழுந்தார். வாயாடி சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீங்க போனா வட்டத்துல ஓட்டை விழுந்துடும் சார், நீங்க மெதுவா வாங்க, நாங்க நிக்கிறோம் என்றாள்.

நின்றார்கள், தங்கம். நான் எதுவும் எழுதவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் இவர் கையையே பார்த்தாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள், இவருக்கு அடுத்த பையன் கையை விரித்து வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். சுற்று மெதுவானது, இன்னும் மெதுவானது, கொஞ்ச நேரத்தில் எல்லோரும் இவர் வேகத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் உன் அப்பா லேட்டே இல்லை. வெயில் தரையில் ஊர்ந்து அவர்கள் மடி வரை வந்திருந்தது, எல்லார் கண்ணும் பாதி மூடியிருந்தது, யாரோ ஒரு பிள்ளை நான் முன்பு சொல்லிக்கொடுத்த தூறல் பாட்டை முணுமுணுக்க ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. எப்போதும் கூடவே நானும் பாடிவிடுவேன், அதனால் அவர்கள் மட்டும் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. முடிந்ததும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஸ்லேட் வெறுமையாக இருந்தது. உன் அப்பா அதை எடுத்து உற்றுப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்குன்னு டீச்சர் எழுதியிருக்காங்க என்று படித்தார்.

இப்போது உனக்கான பதில். நேற்று டாக்டரைப் பார்த்தோம். பேச்சு வரும், கரகரவென்று வரும், பாட்டு இனி வராது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன், உன்னிடம் மறைக்க மாட்டேன், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் வேலையை விடப்போவதில்லை, பிள்ளைகளும் இவரை விடுவதாக இல்லை. தாலாட்டைத்தான் என்னால் அனுப்ப முடியாது, நன்றாக இருந்த காலத்தில் பதிவு செய்து வைக்க யாருக்குத் தோன்றியது? நீ பாடு. எனக்குப் பாட வராது, நான் அப்பா வாரிசு என்பாய், அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். சுருதி விலகினால் விலகட்டும், வார்த்தை மறந்தால் முணுமுணு. உன் வேகம்தான் அவனுக்குத் தெரிந்த வேகம், நீ எந்த இடத்தில் தயங்கினாலும் அவன் உனக்காக நிற்பான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அவன் தூங்கும்போது நீயும் படு, கழுவாத பாத்திரம் எங்கும் ஓடிவிடாது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, நீ பாடும்போது எங்களுக்குப் போன் போட்டு அவன் பக்கத்தில் வைத்துவிடு. இந்தப் பக்கம் சத்தமே இருக்காது, லைன் போய்விட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதே, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா