கல்லறைப் பாத்தியில் கோரை

கடற்கரைக்காரருக்கு,

விரலில் கோரைக்கிழங்கு வாசம் இருக்கிறது. நேற்று நசுங்கியது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சூடமும் ஈரமண்ணும் கலந்தாற்போல ஒரு வாசம், உமக்குத் தெரியாததா. பேனாவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பேனாவிலும் அதுதான். இந்தக் காகிதத்திலும் ஏறியிருக்கும். அது வந்ததும் உம்மோடு பேச வேண்டும்போல் இருந்தது.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லவில்லை. நீர் போன பிறகு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கென்று சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தேன். ஒரு வரி எழுத, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது. ஆனால் எழுதிய வரி எழுதிய இடத்திலேயே நிற்கிறது. மறுநாள் வந்து பார்த்தாலும் நிற்கிறது. வாயால் சொன்னது எதுவும் எனக்கு இப்படி நின்றதில்லை. அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் நாள் நீர் என்னிடம் சண்டைக்குத்தான் வந்தீர். நான் காவல் இருந்த வாழைத்தோட்டத்துக்கும் உங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில் இடுப்பளவு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கூப்பிட்டீர்.

“என்னவே, உம்ம புல்லு எங்க வீட்டுக்காரி மேல ஏறி நிக்கி. நீரு பாட்டுக்கு பீடி குடிச்சிட்டு உக்காந்திருக்கீரு?”

“கோரை என்ன ஆடா மாடா, கட்டிப்போட? அதுக்கு மதிலு தெரியுமாவே?”

“அப்ப வந்து பிடுங்கும்.”

“நீரு பிடுங்கும். உம்ம வீட்டுக்காரிதான?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். உம் முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு சிரித்துவிட்டீர். “அவளும் இப்படித்தான்வே பேசுவா” என்றீர். நான் மதிலைத் தாண்டி வந்தேன்.

கடலோரத்தில் வலை இழுத்துக் கிழவராகி, மனைவியோடு மகள் வீட்டில் இருக்கலாம் என்று ஸ்ரீவைகுண்டம் பக்கம் வந்தவர் நீர். வந்த இடத்தில் அந்த அம்மாள் காலமானார். கடைசியாக அவர் உம்மிடம் கேட்டது ஒன்றுதான் என்று அன்று சொன்னீர். “என் மேல சிமெண்டு பூசிராதீய. மண்ணா கெடக்கட்டும். ரெண்டு கேந்திப் பூச்செடி வச்சு விடுங்க.”

நீரும் வைத்திருந்தீர். ஆனால் செடியைவிடக் கோரைதான் செழிப்பாக நின்றது. அந்த வருடக் கல்லறைத் திருநாளில் உங்கள் கோயில் கமிட்டித் தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். “பிள்ளைங்க மெழுகுவர்த்தி ஏத்த வருதுங்க. புல்லுக்குள்ள பாம்பு கெடந்தா யாரு பதில் சொல்லுதது? அடுத்த திருநாளுக்குப் புல்லு நிக்கிற கல்லறைக்கெல்லாம் சிமெண்டு.” அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் நீர் பயந்தீர்.

உம் மருமகன் கடையில் களைக்கொல்லி வாங்கித் தெளிக்கலாம் என்றார். “அவ மேலயா விசம் அடிக்கச் சொல்லுத?” என்று நீர் கேட்டதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். நெல்வயலில் நாங்கள் செய்வதுதான். சுற்றி வரப்பு கட்டி, தண்ணீரைத் தேக்கி, நன்றாக மிதித்துவிட்டால் கோரை அழுகும். நீர் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்.

“கடக்கரையில பொறந்து, கடக்கரையில வாழ்க்கப்பட்டு, ஒரு நாளு காலு நனைச்சவ இல்லவே அவ. தண்ணின்னா அப்படி ஒரு பயம். அவ மேல தண்ணியக் கட்டி மிதிக்கவா சொல்லுதீரு?”

வரப்பு யோசனையை அதோடு விட்டேன்.

பிறகு நீர் என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தீர். தை மாதம், திருச்செந்தூர் பஸ்ஸில் போய் இரண்டு கேன் நிறையக் கடல்தண்ணீர் எடுத்துவந்தீர். உப்புக்கு எந்தப் புல்லும் நிற்காது என்பது கடல்காரர் கணக்கு. வரும் வழியில், பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மாள் முருகன் கோயில் தீர்த்தம் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டினாராம். அது வெறும் உப்புத்தண்ணி தாயி என்று நீர் சொல்லியும் கேட்கவில்லையாம். அவருக்கு ஊற்றியதும் பின்ஸீட்டிலிருந்து இன்னும் நாலு கை நீண்டதாம். கழுத்தில் சிலுவையோடு பஸ் முழுக்கத் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தீர். மிச்சம் இருந்தது ஒன்றரைக் கேன்.

அதைப் பாத்தியில் ஊற்றினீர். கோரை கொஞ்சம் மஞ்சளித்தது. கேந்தி செத்தது. மண் வெள்ளையாகப் பூத்து ஓடு மாதிரி இறுகிவிட்டது. பத்து நாளில் அந்த ஓட்டைக் குத்திக்கொண்டு கோரை மறுபடி எழுந்தது.

“சவத்தப் புல்லு” என்றேன்.

“எங்க நின்னுக்கிட்டு என்ன வார்த்த சொல்லுதீருவே” என்றீர். இரண்டு பேரும் ஒரு கல்லறைமேல் உட்கார்ந்து, இருமல் வருகிறவரை சிரித்தோம். உப்பு இறங்க வேண்டுமே என்று பங்குனி வரை வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினோம். “பயந்தவளுக்குக் கடலும் வந்துட்டு, ஆறும் வந்துட்டு” என்று நீர் பாத்தியைப் பார்த்துச் சொன்னீர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

சித்திரையில்தான் தோண்ட ஆரம்பித்தோம். மண்வெட்டி வேண்டாம் என்றேன். வெட்டினால் ஒரு கிழங்கு இரண்டாகும். கையால்தான் எடுக்க வேண்டும். நான் ஆயுசு முழுக்கக் களை எடுத்தவன், ஆனால் கூலிக்கு எடுத்தவன். இடுப்பு வளையும், கை இழுக்கும், மேலே உள்ளது வரும், அடுத்த வரிசைக்குப் போய்விடுவோம். கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க யாரும் விட்டதும் இல்லை.

நீர் களை எடுத்ததே இல்லை. ஆனால் உம் விரலுக்கு இழை தெரியும். ஒரு கோரையைப் பிடித்து, மண்ணுக்குள் விரலை விட்டு, வெள்ளைத் தண்டோடு இறங்கி, கிழங்கைத் தொட்டீர். அதோடு நிற்கவில்லை. கிழங்கின் அடியிலிருந்து கறுப்பாக, கம்பி மாதிரி ஒரு இழை போனது. “பையவே, பைய வாங்கணும். வெடுக்குன்னு இழுத்தா வலைமடி கிழிஞ்சிரும்” என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே அதைத் தொடர்ந்தீர். ஒரு சாண் போனதும் இன்னொரு கிழங்கு. அதிலிருந்து ஒரு இழை. அப்புறம் ஒரு கிழங்கு. பாத்தியின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு வந்துவிட்டோம். அறுக்காமல் மொத்தத்தையும் தூக்கி வெயிலில் பிடித்தீர்.

கறுப்பாகக் கோத்த செபமாலை மாதிரி தொங்கியது.

நீர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டீர். என்னையறியாமல் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு புல்லுக்குப் போய் இரண்டு கிழவர்கள் கும்பிடுவதா என்று யாராவது கேட்டிருப்பார்கள். யாரும் இல்லை. இவ்வளவு காலம் நான் மிதித்து நடந்த தரைக்குக் கீழே இப்படி ஒரு கோவை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்குக் கால் கூசியது.

ஒரு இழை மதிலுக்கு அடியில் போனது. அந்தப் பக்கம் போய்த் தோண்டினேன். வாழைக்கு அடியிலும் அதே இழை.

“பாத்தீரா, உம்ம தோட்டத்துல இருந்துதான் வருது.”

“இல்லவே, உங்க ஆளுக கிட்ட இருந்துதான் எங்க வாழைக்கு வருது.”

அந்த வழக்குக்குத் தீர்ப்பே வரவில்லை.

எடுத்ததையெல்லாம் மதில்மேல் பரப்பி, சுருங்கிச் சாகிறவரை சித்திரை வெயிலில் போட்டோம். ஆவணியில் கேந்தியும் வாடாமல்லியும் நட்டோம். அப்புறமும் முளைத்தது. ஊசி மாதிரி தலை நீட்டும்போதே எடுத்துவிட வேண்டும், இலை விரிய விட்டால் கிழங்குக்குச் சோறு போய்விடும். காலையில் மதிலுக்கு இந்தப் பக்கம் நான் இருமினால், அந்தப் பக்கம் நீர் இருமுவீர். ஐப்பசித் திருநாளில் பாத்தி மஞ்சளாக நின்றது. தலைவர் வந்து நின்று பார்த்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். உம் கை என் தோளை அழுத்தியது. அந்த அழுத்தம் எனக்கு வலித்தது, அவ்வளவு பலம் உமக்கு இருந்தது.

அடுத்த மாசியில் நீர் போய்விட்டீர்.

அந்த அம்மாள் மண்ணையே திறந்து உம்மையும் வைப்பது என்று முடிவு செய்தார்கள். குழி வெட்டியவர்கள் மண்ணை இரண்டு பக்கமும் அள்ளிப் போட்டார்கள். நான் குவியல் பக்கத்தில் நின்றேன். நம் கை எட்டாத ஓரத்திலிருந்தும் ஆழத்திலிருந்தும் கிழங்குகள் வந்திருந்தன. குவியலில் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. இது அத்தனையும் உமக்குமேல் போகப்போகிறதே என்று எனக்குப் பதறியது. உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். சாமியார் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் மண்ணை அளைந்துகொண்டிருக்கிறேன். “இந்தப் பெரியவரு யாரு, என்ன செய்யுதாரு?” என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. உம் மகள் அழுகைக்கு நடுவில், “விடுங்க, மாமா களை எடுக்காவ” என்றாள். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நான் போட்ட பிடியில் ஒரு வேர்கூட இல்லை.

எனக்குப் படிக்க வந்ததும் முதலில் அங்கேதான் போனேன். வேலை நடுவே நீர் எனக்கு ஒவ்வொரு கல்லையும் வாசித்துக் காட்டுவீரே. இவர் நல்லா பாட்டுப் பாடுவாராம், இவர் இலங்கைக்குத் தோணியில் போனவராம், இந்த அம்மாள் வைக்கும் மீன்குழம்புக்குத் தெருவே காத்திருக்குமாம் என்று. நான் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தேன். எந்தக் கல்லிலும் பெயரும் தேதியும் தவிர ஒன்றுமே இல்லையேவே! தெரு முழுக்க விசாரித்து வைத்திருந்தீரா, நீரே கட்டிவிட்டீரா? அன்று கல்லறைத் தோட்டத்தில் தனியாக நின்று சிரித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தலைமாட்டுக் கல்லில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்தேன். கல்லில் இல்லாத மிச்சத்தை நானும் உம்மைப்போலச் சத்தமாகச் சொன்னேன்.

மண் அமரட்டும் என்று ஒரு வருடம் விட்டிருந்தார்கள். இந்த வருடம் தலைவர் உம் மகளிடம் வந்தார். “ரெண்டு பேரும் போயாச்சு. இனி யாருமா பாக்கப் போறா? சிமெண்டு போட்டுருவோம்.” உம் மகள் என்னைப் பார்த்தாள். “நான் பாக்கேன்” என்றேன். தலைவர் யோசித்தார். உங்கள் கோயில்காரன்கூட இல்லை நான். “சரி பெரியவரே. திருநாளுக்கு ஒரு கோரை நிக்கக் கூடாது. நின்னா நீங்களும் ஒண்ணும் சொல்லக் கூடாது” என்றார். ஒத்துக்கொண்டேன்.

நேற்றுத்தான் திருநாள். முந்தின நாள் மழை. விடியும்போதே போய்ப் பாத்தியைத் தடவித் தடவிப் பார்த்தேன். கண் முன்னைப்போல் இல்லை, விரலைத்தான் நம்பினேன். சாயங்காலம் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு முன்னால் போனார். தலைவர் வெள்ளை வேட்டியோடு வந்து நம் பாத்திமுன் நின்றார். குனிந்தார். கேந்தியை விலக்கினார்.

“இந்தா நிக்கில்லா?”

நின்றது. ஊசி மாதிரி ஒன்று, செடியின் அடிமூட்டோடு ஒட்டி. பகலிலேயே வளர்ந்ததோ, நான்தான் விட்டேனோ. “ஆமா, நிக்கி” என்றேன். வேறு என்ன சொல்ல. உம் மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் அதை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து இழுக்கப்போனார். எல்லாம் போய்விட்டது என்று தெரியும். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஐயா, வெடுக்குன்னு இழுக்காதீங்க. அறுந்துரும். பைய.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குத்தவைத்தார்.

“எப்படி?”

“விரல மண்ணுக்குள்ள விடுங்க. வெள்ளையா ஒரு தண்டு தட்டுப்படும். அதப் பிடிச்சுக்கிட்டே இறங்குங்க.”

இறங்கினார். கிழங்கு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இங்கன ஒரு இழை போகுதே?”

“போகும்.”

“எதுவரைக்கும்?”

“தெரியல ஐயா. இந்தா கெடக்காரே, அவரும் நானும் ஒரு சித்திரை முழுக்க அது பின்னால போனோம். முடிவு தெரியல.”

அவர் நகத்தால் மண்ணை நீக்கினார். இரண்டாவது கிழங்கு. முழங்காலை ஊன்றிக்கொண்டார். மூன்றாவது. மெழுகுவர்த்தியோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்துவிட்டார்கள். “தலைவரே, சாமியார் உங்களத் தேடுதாரு” என்று ஒருவர் சொன்னார். “இருவே, வாரேன்” என்றார் தலைவர், தலையைத் தூக்காமல்.

எழுந்தபோது வேட்டியில் முழங்கால் இரண்டும் மண். கையைத் தட்டிக்கொண்டு பாத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லாப் பாத்துக்கிடுங்க பெரியவரே” என்றார். சிமெண்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சாமியார் நின்ற பக்கம் வேகமாகப் போனார்.

அவர் விட்ட இடத்தில் இழை மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் போன பிறகு நான் உட்கார்ந்து அதைப் பிடித்தேன். உம்மைப்போலவே, பையத்தான் வாங்கினேன். வெளிச்சம் போகிறவரை வாங்கினேன். ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

இன்னும் போகிறது.