பாடகிக்கும் அதே ஃபில்டர்

3 பெப்ரவரி, செவ்வாய்

மழையா பனியா என்று தெரியாத ஏதோ ஒன்று. ட்ராம் தாமதம். சப்பாத்துக்குள் தண்ணீர். சித்தப்பாவின் வீடியோக் கடையில் இன்றைக்கு: டோர்ட்முண்ட் கலியாணம், வெட்டி முடிக்க. ஒரு சாமத்திய வீட்டுப் பூப்புச் சடங்கு, பாட்டுப் போட. பிற்பகல் என் சொந்தப் படம்.

மணமகளின் அம்மா போன் எடுத்தார். "பிள்ளை, பொம்பிளையின்ர முகத்தை ஒருக்கா வெளிச்சமாக்கி விடுங்கோ. வெயில்ல திரிஞ்சு கறுத்துப்போனாள்."

இந்தக் குளிரில் எந்த வெயில்? "ஓம் அன்ரி" என்றேன். ஒரு பட்டன்தானே. சித்தப்பா செய்துவைத்த ஃபில்டர். கடைக்கு வரும் எல்லா மணமகளுக்கும் அதுதான்.

என் படம்: அவுஸ்பில்டுங் என்ற ஜெர்மன் தொழிற்பயிற்சியின் கடைசி வேலை. எட்டு நிமிடம். வெள்ளி காலை கொடுக்க வேண்டும். கூடப் படிக்கும் கானா நாட்டு அபேனாவும் நானும் சேர்ந்து, ஒரு கறுப்பினச் சோல் இசைப் பாடகி பற்றி. தேவாலயத்தில் பழகிய குரல். இப்போதைய பாடகிகள் வரி தொடங்குமுன் மூச்சை இழுத்து நிறுத்துவதெல்லாம் அவரிடம் எடுத்தது. நடித்தது ஒரே படம். அதற்கு முன் அவரைப் போன்ற பெண்கள் திரையில் தட்டு ஏந்தி வந்து போவார்கள், அவ்வளவுதான். இவர் சுருட்டை முடியும் வியர்வையுமாகத் திரை நிறைய நின்றார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அபேனாவின் அம்மா முடியை நேராக்குவதை விட்டாராம்.

எனக்குப் பொறாமை. எங்கள் ஆட்களில் அப்படி யார்? நகம் கடிப்பதை நிறுத்த வேண்டும்.

4, புதன்

பள்ளியில் அபேனாவுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினாள்.

"இவர் ஏன் இப்படி வெளிறிப்போயிருக்கிறார்?"

பார்த்தேன். பாடகி வரும் எல்லாத் துண்டுகளிலும் கடை ஃபில்டர். நான்தான் போட்டிருக்கிறேன். போட்ட ஞாபகமே இல்லை. பெண் முகம் வந்தால் கை தானாகப் போகிறது, நான்கு வருடப் பழக்கம்.

அவள் கத்தியிருந்தால் நல்லது. கத்தவில்லை. "வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். அதுதான் எனக்குப் பயம். உன் முகத்துக்கும் போடுவாயா?" என்றாள். தன் பெயரை இந்தப் படத்தில் விடுவதா என்று யோசித்துச் சொல்வாளாம். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. மூன்று வருடத்தில் அந்த வகுப்பில் எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

5, வியாழன்

ஃபில்டரை எல்லாத் துண்டிலும் எடுத்தேன். பத்து நிமிட வேலை. கன்னத்தின் கறுப்பு வந்தது, வியர்வைக் கோடு வந்தது. அபேனாவுக்கு அனுப்பினேன். பதில்: "சரி. என் பெயர் இருக்கட்டும். கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை."

நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, இந்த ஃபில்டர் எப்ப செய்தனீங்கள்?"

"அதுவோ? உன்ர சாமத்திய வீட்டுக்குத்தான் முதல் செய்தனான். உன்ர நிறத்துக்கு அளவாப் பிடிக்க ரெண்டு நாள் எடுத்தது. கொம்மா பாத்திட்டு அழுதவ, அவ்வளவு சந்தோசம்."

பெருமையாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் கணினி வாங்கித் தந்ததே அவர்தான்.

"அப்ப ஒரிஜினல்?"

"அதை ஆர் வச்சிருக்கிறது? அப்பவே அழிச்சாச்சு. டிஸ்கில இடம் காணாது."

வீட்டு அல்பம், சுவர்ப் படம், கனடாவுக்குப் போன டிவிடி, எல்லாவற்றிலும் அந்த வெள்ளைப் பிள்ளை. அன்றைக்கு நான் எப்படி இருந்தேன்? எனக்கே தெரியாது. கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

6, வெள்ளி

படம் கொடுத்தாயிற்று. அபேனாவிடம் முழுக்கச் சொன்னேன். "அழித்துவிட்டார்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு என் பக்கத்திலேயே இருந்தாள்.

மதியம் கடை. சித்தப்பா வேறு ஊரில் ஒரு கலியாண வீடியோ வேலை பேசப் போய்விட்டார். டோர்ட்முண்ட் அன்ரி மறுபடி போன்: "முடிஞ்சுதோ பிள்ளை? இன்னும் கொஞ்சம் வெள்ளையா வராதோ?"

"ஏலாது அன்ரி" என்றேன். சித்தப்பாவுக்குப் புகார் போகும், போகட்டும்.

வரும் வழியில் வாங்கிய டிஸ்கில் அந்த மணமகளின் ஒரிஜினல், சித்தப்பா அழிக்குமுன், ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்தது சாமத்திய வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு வயது. வாயை நன்றாகத் திறந்து சிரிக்கிறாள், நல்ல கறுப்பு. 61 சதவீதம்.