கேக்கில் செருகிய அரளி

1974 மே, செவ்வாய் இரவு, சாந்தோம்

தம்பி மகளின் கல்யாணத்துக்கு நான் சுட்ட இரண்டு தட்டு அடுக்குக் கேக்கில், தம்பி பெண்டாட்டி ஸ்டெல்லா அரளிப் பூவைச் செருகிவிட்டாள். முகூர்த்த நாளாம், ரோஜா விலை ஏறிவிட்டதாம். மதிலோரத்து வெள்ளை அரளி இனாம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் மேல் தட்டு முழுவதும் பூ.

அது விஷம் என்றேன்.

"இன்னா அண்ணி, மயிலாப்பூர் கோயில்ல சாமிக்கே மாலையா போடறாங்க. கேக்குக்கு மட்டும் ஆவாதா?"

"சாமி அதைத் துன்னுதாடி?"

எல்லோரும் சிரித்தார்கள், தம்பியும்தான். கேக் வேலையை நான் யாரிடமும் படிக்கவில்லை. என் பேச்சு எடுபடாது. ஒரு பூவைப் பிடுங்கிக் காட்டினேன். காம்பின் சாறு மேலே பூசிய சர்க்கரை ஐசிங்கில் ஊறியிருந்தது. நாளைக்கு முதல் துண்டைப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊட்டிக்கொள்வார்கள். பிறகு குழந்தைகள்.

கேக் இருக்கும் அறையைப் பூட்டிவிட்டேன். சாவி என் முந்தானையில். விடிந்ததும் தம்பி மேல் தட்டை நாய்கூடத் தோண்டாதபடி ஆழப் புதைக்க வேண்டும். ஸ்டெல்லா அரளிக் காம்பு நறுக்கிய கத்தியைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கீழ்த் தட்டுக்குச் சர்க்கரைப் பூ நான் செய்வேன்.

அந்த அறை ஜன்னல் வெளியிலிருந்தே திறக்கும். பிள்ளைகள் இன்னும் முற்றத்தில் விளையாடுகிறார்கள். இப்போதே நான்தான் போய்ப் பார்க்க வேண்டும்.