தலையைத் தொங்கப்போட்ட கோழியும் மாப்பிள்ளை விருந்தும்

என் ஆசை மாமாவுக்கு,

அங்கே கோழி உண்டா, இல்லையா? இல்லையென்றால் உங்களுக்குப் பொழுதே போகாதே. விடிந்ததும் யாரைத் திட்டிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள்?

இங்கே சீக்கு வந்துவிட்டது. மனுஷருக்கு இல்லை, பயப்படாதீர்கள். கோழிக்குத்தான், வெள்ளைக்கழிச்சல். மேலத் தெருவில் ஆரம்பித்து எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் தியாகதுருகம் பஸ்ஸில் மாப்பிள்ளைக் கூட்டம் தாங்க முடியவில்லை. நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் வழக்கம் மாறவில்லை மாமா. கோழி தலையைத் தொங்கப்போட்டால், செத்து வீணாவதற்குள் அடித்துக் குழம்பு வைத்துவிட வேண்டும். குழம்பு வைத்தால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாக வேண்டும். கண்டக்டரே கேட்டாராம், "இன்னா, உங்க ஊர்ல கோழிக்குச் சீக்கா?" என்று.

இந்த வழக்கத்தில் நிறையத் தின்றவன் நான். நீங்கள் இருந்தது கல்வராயன் மலையடிவாரத்தில், உங்கள் மகள் அஞ்சலையைக் கட்டிக்கொண்டு நான் இருப்பது இங்கே. தீபாவளிக்குக்கூட அவ்வளவு அவசரமாகக் கூப்பிட மாட்டீர்கள். சீக்கு வந்தால்தான் ஆள் வரும். "கோழி ஒண்ணு தலைய தொங்கப் போட்டுக்கினு கீதாம், மாப்ளைய வந்துட்டுப் போவச் சொன்னாரு." நாங்கள் கிளம்பி வருவோம். காலும் ஈரலும் என் இலைக்கே வரும். "சாப்புடுங்க மாப்ளே, நல்லா வெந்துட்டா எந்தச் சீக்கு நிக்கும்?" என்று சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் ரசம் ஊற்றிக்கொள்வீர்கள். அது மரியாதையா, முன்ஜாக்கிரதையா? கேட்கத் தைரியம் வந்ததே இல்லை.

கிளம்பும்போது மிச்சக் கோழியில் இரண்டை ஒயர் பையில் போட்டுக் கொடுத்து அனுப்புவீர்கள். அது வந்து இறங்கினால் எங்கள் வீட்டுக் கோழியெல்லாம் வரிசையாகக் கழியும். "உங்க மாமனாரு கோழி குடுத்து உட்டாரா, சீக்கக் குடுத்து உட்டாரா?" என்று என் அம்மா போட்ட சத்தம் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியாக நீங்கள் கொடுத்த சாம்பல் பெட்டை மட்டும் பிழைத்தது. அதன் வழியில் வந்த ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது. நிறமும் அதேதான், திமிரும் அதேதான். வெயில் காலம் வந்ததும் முட்டை விடுவதை நிறுத்திவிட்டு, நெல் மூட்டை மேல் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கீழே முட்டை ஒன்றும் இல்லை, சும்மாவே உட்கார்ந்திருக்கிறது. அடை தெளியட்டும் என்று அஞ்சலை அதைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். மூக்கில் இறகைச் செருகிவிட்டாள். அது சொட்டச் சொட்ட நனைந்து, மூக்கில் மீசை வைத்துக்கொண்டு நேராக வந்து, நான் மடித்து வைத்த சலவை வேட்டி மேல் உட்கார்ந்தது. "இது எங்கப்பா மாதிரியே, சொன்னா கேக்காது" என்று உள் அறையில் கூடை வைத்து, மணலும் வைக்கோலும் போட்டு மற்றக் கோழிகளின் முட்டையை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வெளியே இருந்த கோழிகள் கழிய ஆரம்பித்தன. கழுத்து திருகிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நான் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா, "வந்தப்புறம் இதுக்கு மருந்தில்லைங்க. முன்னாடியே தடுப்பூசி போட்டிருக்கணும்" என்றார். செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், தின்னக் கூடாது. இருப்பதை வெளியே அனுப்பக் கூடாது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது. கேட்கக் கேட்க உங்கள் ஒயர் பைதான் கண் முன்னால் ஆடியது.

உள்ளே இருப்பதை மட்டுமாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது எனக்கு. உங்கள் வழியில் மிஞ்சியது அது ஒன்றுதானே மாமா? காலைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. ஒரு நாள் அது எழுந்து வந்து, அறை நாறிப்போகும்படி ஒரு குவியல் எச்சம் போட்டது. "ஐயோ, இதுக்கும் வந்துட்டுது அஞ்சல!" என்று நான் கத்த, அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "அடைக்கோழி அப்பிடித்தான் சேத்து வெச்சிப் போவும். நீங்க எத்தினி கோழி அடை வெச்சிருக்கீங்க, பேச வந்துட்டீங்க."

அவளே அப்புறம் மெல்ல ஆரம்பித்தாள். "மொதக் கோழி தொங்குனப்பவே நம்ம மாப்ளைக்குப் போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம வராரு."

"வந்து இன்னாத்த சாப்புடுவாரு? கோழியெல்லாம் குழிக்குள்ள கீது!"

அவள் திரும்பி உள் அறையைப் பார்த்தாள்.

"அடையில இருக்கிறத அடிப்பியாடி? உங்கப்பன் வழியில வந்த கடைசிக் கோழி!"

"நான் இன்னா சொன்னேன்? பாத்தது ஒரு குத்தமா?" என்று அழுதுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மட்டும் வந்தார், மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. கையில் ஒயர் பை. பைக்கு வெளியே இரண்டு தலை. அதில் ஒரு தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, அங்கயே நில்லுங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையை வாசலில் மறித்த மாமனாரை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க வாங்க, பை வேணாம்."

"அம்மா ஆசையா குடுத்து உட்டாங்க மாமா. உட்டுட்டு வந்தா கோச்சிக்கும்."

பையை ரோட்டோரப் புளியமரத்தில் மாட்டிவிட்டு, மனுஷனைச் செருப்பைக் கழற்றவைத்து, சுடுதண்ணீரில் கால் கழுவவைத்து உள்ளே கூட்டிவந்தேன். அஞ்சலை வெட்கத்தில் அடுப்படியை விட்டு வரவே இல்லை. இலையில் கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும்தான். என் மானம் போனது என்று உட்கார்ந்திருந்தேன். அவரோ மூன்றாம் தடவை சோறு வாங்கினார். "எங்க வூட்லயும் சீக்குதான் மாமா. தெனமும் கோழிதான். கத்திரிக்காய கண்ணால பாத்து எவ்ளோ நாளாச்சி!"

மரத்தில் மாட்டிய இரண்டு கோழிகளும் அன்று சாயங்காலமே செத்துப்போய்விட்டன. சம்பந்தியம்மா ஆசையாகக் கொடுத்ததையும் நானே சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். உள்ளே இருந்தது பிழைத்தது. குஞ்சும் பொரித்தது மாமா! நான் துடைப்பத்தை எடுத்தாலே றெக்கையை விரித்துக்கொண்டு கொத்த வருகிறது.

கடைசித் தடவை ஆள் அனுப்பினீர்களே, நினைவிருக்கிறதா? நானும் அஞ்சலையும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தால், வாசலில் ஒரு கோழி விடாமல் எல்லாம் ஓடி ஆடி மேய்ந்துகொண்டிருந்தன. "எது மாமா தலைய தொங்கப் போட்டுச்சி?" என்றேன். "காலையில தொங்கிக்கினுதான் இருந்துச்சி. உங்களப் பாத்ததும் தெளிஞ்சிடுச்சி போல" என்றீர்கள். திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

போன வாரம் நான் மகளுக்குப் போன் போட்டேன். அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வாயில் வந்தது என்னவோ, "கோழி ஒண்ணு தலைய தொங்கப் போட்டுக்கினு கீதும்மா, மாப்ளையக் கூட்டிக்கினு வந்துட்டுப் போ."

"எந்தக் கோழிப்பா? கீறதே ஒண்ணுதான. அது குஞ்சுங்களோட ஓடுற வீடியோவ அம்மா இப்பத்தான அனுப்புச்சி?"

நான் இருமிச் சமாளித்தேன். அவளே அப்புறம், "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வர்றோம்ப்பா. அந்தக் கோழிய அடிச்சிடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எங்கப்பாவும் இப்பிடித்தான். உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?"

மகளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும் மாமா? யாரைக் கேட்கிறேன் பாருங்கள்.

குஞ்சுகளுக்கு வேளா வேளைக்குத் தடுப்பூசி போட்டுவிடுவேன். ஒயர் பை வாசலைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைக்கறிதான், அதிலும் நல்ல துண்டெல்லாம் அவர்கள் இரண்டு பேர் இலைக்குத்தான். எனக்கு ரசம் போதும்.

இப்படிக்கு,
கோழி தொங்கினாலும் தொங்காவிட்டாலும் உங்கள் மாப்பிள்ளை