உனக்குத் தொண்டை கட்டிய நாள்

ஏளா,

இன்று மதியம் ட்யூட்டி அறையில் ஒரு பயிற்சி மாணவி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டு வாசம். ஜன்னலைத் திற, ஃபேனைப் போடு என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, பாவம், அந்தப் பிள்ளை அவசரமாக மூடியைத் தேடியது. "மூடாத, எனக்கும் ரெண்டு வையி" என்றேன். சாப்பிடச் சாப்பிட எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் சிஸ்டர் என்று கேட்டாள். உன்னைப் பற்றி எங்கே தொடங்கிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நாம் நர்சிங் படித்த நாட்களில் நம் விடுதி அறையில் எதைத் திறந்தாலும் உன் கருவாட்டின் இந்த வாசம்தானே. வார்டன் அம்மா மோப்பம் பிடித்து வருகிற சத்தம் கேட்டால் ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டு, ஜெபமாலையும் கையுமாக முழங்காலில் நின்றுவிடுவாய். உன் பக்தியைக் கலைக்க மனமில்லாமல் அவர் திரும்பிப் போவார். நானோ சாத்தான்குளத்துப் பக்கம், தலைமையாசிரியர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட மெதுவாகத்தான் கேட்போம். நீ தருவைகுளத்துக்காரி. கடலில் வருகிற போட்டைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய தொண்டை உனக்கு. வருகைப் பதிவில் அடுத்தடுத்த எண் என்பதால் கல்லூரி நம்மை ஜோடி சேர்த்தது. எந்த வார்டுக்குப் போனாலும் நீயும் நானும்தான்.

முதல் வார்டிலேயே என் லட்சணம் தெரிந்துபோனது. நோயாளியின் கட்டிலருகே நின்று அவருடைய நோய், மருந்து, கவனிப்பு எல்லாவற்றையும் ட்யூட்டர் மேடத்திடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். குரல்தான் பல்லைத் தாண்டவில்லை. மேடம் குனிந்து குனிந்து கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த பெரியவரோ, "எனக்கு என்ன சீக்குன்னு எனக்காவது கேக்கும்படி சொல்லு தாயி" என்றார். வார்டே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நீதான். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

மேடம் சிரிக்கவில்லை. "லேபர் வார்டுலயும் இப்படியே நின்னேன்னா ஃபெயில்தான். அங்க நீ வாயத் திறக்கலன்னா ரெண்டு உயிருக்கு ஆபத்து" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் வலித்தது. அன்று மாலை பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கினேன். அப்பா சொன்னபடி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிடலாம் என்றேன். ஆனால் எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. காய்ச்சல்காரரின் நெற்றியில் கை வைப்பதும், காலையில் கசங்காத விரிப்பைக் கட்டிலில் விரிப்பதும் பிடித்திருந்தன. குரல் ஒன்று இல்லாததற்காக எல்லாம் கையைவிட்டுப் போகிறதே என்று அழுதேன். நீயோ பெட்டியின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய்.

"அங்கன போயி பிள்ளைகளுக்குச் சைகையிலயா பாடம் நடத்தப் போற? லேபர் வார்டு முடியட்டும்ளா. அப்பவும் உனக்குச் சத்தம் வரலன்னா நானே பஸ் ஏத்தி விடுதேன்."

சோற்று மணி அடிக்கும்வரை நீ இறங்கவேயில்லை. உள்ளே இருந்த என் சீருடைகளெல்லாம் இஸ்திரி போட்டதுபோல ஆகியிருந்தன.

அடுத்த விடுமுறைக்கு என்னை உன் ஊர்க் கடற்கரைக்கு இழுத்துப் போனாய். போட்டுகள் திரும்பிக்கொண்டிருந்தன. "அந்தா வாரது எங்கப்பா. கூப்பிடு" என்றாய். நெஞ்சு வலிக்கக் கூப்பிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. நீ மணலில் விழுந்து புரண்டு சிரித்தாய். பிறகு எழுந்து நின்று "எப்போவ்!" என்று ஒரு குரல் கொடுத்தாய். கடல்மேல் கை ஒன்று உயர்ந்தது. அந்தக் குரலில் கொஞ்சம் எனக்குக் கிடைக்காதா என்று அன்றைக்குப் பொறாமையாகவே இருந்தது.

லேபர் வார்டு வந்தது. நீ கூட இருக்கிறாய் என்ற ஒரே தைரியத்தில் போனேன். நீயோ உங்கள் ஊர்த் திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால் கத்திக் கத்திப் பாடி, தொண்டை கட்டிப்போய் வந்து நின்றாய். வாயைத் திறந்தால் வெறும் காற்று. பனங்கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையை ஆட்டினாய்.

அன்று வந்தது பக்கத்து ஊர்க் கடைக்காரர் வீட்டு மருமகள். தலைப்பிரசவம். வலியில் களைத்துக் கண்ணை மூடிவிட்டாள். "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிருங்க" என்று முனகினாள். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டாஃப் சிஸ்டர் தலையை நிமிர்த்தாமலே, "தலை தெரியுது. அடுத்த வலியில பிள்ளை வந்தாகணும். அவகிட்ட யாராவது பேசுங்க!" என்றார்.

நீ வாயைத் திறந்தாய். காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்தாய். இரண்டு கையாலும் என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாய். நான் போய்க் கட்டிலில் முட்டிக்கொண்டு நின்றேன்.

"எக்கோவ்! கண்ணத் தொறங்க! என்னையப் பாருங்க! பிள்ளை வந்துட்டுக்கா, வாசல்ல நிக்கி! வலி வருது, விட்டுராதீங்க, முக்குங்க! இன்னும்! இன்னும்!"

என் வாயிலிருந்து வந்தது எங்கள் வீட்டுத் தமிழே இல்லை. அவள் மிரண்டுபோய்க் கண்ணைத் திறந்தாள். என் கையைப் பிடித்தாள். முக்கினாள். பிள்ளை வந்தது, பெண் பிள்ளை. அது அழுத அழுகையில் நானும் அழுதேன், நீயும் சத்தமில்லாமல் அழுதாய். வராந்தாவின் கடைசியில் இருந்த ட்யூட்டர் மேடம் ஓடி வந்து, "யாரு கத்துனது?" என்றார். நீ என் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினாய்.

அதோடு முடிந்ததா? வாசலில் நின்ற மாமியார், முந்தானைக்குள் மறைத்து ஒரு கிண்ணத்தில் சீனித்தண்ணீர் கொண்டு வந்திருந்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. "அந்தச் சத்தம் போட்ட பிள்ளையக் கூப்பிடுங்க. அவதான் சேனை வைக்கணும். எங்க வீட்டுல எல்லாம் வாயில்லாப் பூச்சிங்க, இவளாவது தைரியமாப் பேசட்டும்" என்றார். என் குணமாம்! நீ சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராத தொண்டையோடு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மூச்சை இழுத்தேன். "அதெல்லாம் வைக்கக் கூடாது ஆச்சி. தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டும் கிடையாது" என்றேன். வராந்தா முழுக்கக் கேட்டது. ஆச்சிக்கு முகம் சுருங்கியது. கிண்ணத்தைத் திரும்ப முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "சரி, அப்போ உன் கையால தூக்கித் தாய்கிட்ட விடு. அதுதான் சேனைன்னு வச்சுக்கிடுதேன்" என்றார். தூக்கி விட்டேன். குழந்தை தேடிப் பிடித்துக் குடித்தது. "நாளைக்குக் கேஸ் சொல்றது நீதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் போனார். நான் பாஸ்.

பின்னாளில் நீ நோயில் விழுந்து, பேச மூச்சு வாங்கிய நாட்களில் போனில் நான்தான் பேசுவேன். வார்டுக் கதை எல்லாம் சொல்லி உன்னைச் சிரிக்க வைப்பேன். "ஏளா, மெல்லப் பேசு. காது கிழியுது" என்றாய் கடைசியாக. என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் நீதான். நீ போனதற்கு அழுத அழுகைக்கு நடுவிலும் அதை நினைத்துச் சிரித்தேன். உன்னை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

அப்பாவிடம் இன்னமும் மெதுவாகத்தான் பேசுகிறேன். லேபர் வார்டில் வாயைத் திறந்தால் மட்டும் உன் ஊர்ப் பேச்சு வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தேன். பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு, வியர்வை காயாத முகத்தோடு என்னையே பார்த்தாள். தருவைகுளத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டவளாம்.

"சிஸ்டர், நீங்களும் எங்க ஊரா? அங்கன உள்ளவங்கதான் இப்படிக் கூப்பிடுவாங்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"யாரு வீடு?"

உன் அப்பா பெயரைச் சொன்னேன்.